அளப்பது கார்த்திகையில், தோண்டுவது சித்திரையில்: கடலூர் கடலோரச் சிற்றூருக்கு ஒரு கழிவுநீர் அமைப்பு

கடலூர் மாவட்டத்து ஊர் ஒன்றில் கழிவுநீர்த் தொட்டி கட்டப் போகிறவர் வீடுகளை எண்ணுவதற்கு முன் ஒரு கிணற்றை எட்டிப் பார்க்க வேண்டும், அதுவும் கார்த்திகையில். சித்திரையில் பத்துப் பன்னிரண்டு அடிக்குக் கீழே கிடந்த தண்ணீர் கடலோர மணலில் அப்போது கையெட்டும் உயரத்துக்கு வந்திருக்கும். அந்த மட்டத்தைப் பார்க்காமல் கோடையில் குழி வெட்டிக் கணக்கு முடித்த அமைப்புகள் முதல் அடைமழையிலேயே கிணறாக மாறிவிடுகின்றன.

இதே மாவட்டத்துக்குள் மூன்று விதமான மண் இருக்கிறது. மூன்றுக்கும் ஒரே பதில் பொருந்தாது. பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்துச் செம்மண் மேட்டில், முந்திரியும் பலாவும் நிற்கும் இடங்களில், நிலத்தடி நீர் ஆழத்தில் இருக்கிறது. அங்கே வீட்டுக்கு ஓர் உறிஞ்சுகுழி போட்டால் குளிக்கும் நீரும் பாத்திரம் கழுவும் நீரும் ஆண்டு முழுவதும் இறங்கிவிடும். காட்டுமன்னார்கோவில், சிதம்பரம் பக்கத்துக் களிமண்ணில் கோடையில்கூட நீர் இறங்காது. குழியில் நீர் ஊற்றி அளந்து பார்த்தால் 2.5 செ.மீ. இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் மண்ணில் உறிஞ்சுகுழி வெட்டுவது வீண். மூன்றாவது, கடலூரிலிருந்து பரங்கிப்பேட்டை வரை நீளும் கடலோர மணல். இதுதான் ஆளை ஏமாற்றும். கோடையில் ஊற்றிய குடம் தண்ணீர் கண்ணெதிரே மறையும்; ஐப்பசி பிறந்தால் அதே குழியில் நீர் கீழிருந்து மேலே வரும்.

இந்த ஆய்வு மூன்றாவது வகை ஊருக்கானது. இங்கே எடுத்துக்கொண்டிருப்பது ஒரு மாதிரிக் குடியிருப்பு. எந்த ஒரு குறிப்பிட்ட ஊருமல்ல. 100 வீடு, 400 பேர், நீண்ட தெரு ஒன்றும் குறுக்குச் சந்துகளும், ஏறத்தாழ மட்டமான நிலம். நிலத்தடி நீர் சித்திரையில் 3.5 மீட்டர் ஆழத்தில் நிற்கிறது. கார்த்திகையில் அரை மீட்டர் ஆழத்துக்கு ஏறுகிறது. கனமழையில் தரையைத் தொடுகிறது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது அந்நகரில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 செ.மீ. மழை கொட்டியது. அதனால் ‘நீர்மட்டம் தரையில்’ என்பதை அபூர்வ நிலையாக ஒதுக்காமல், கட்டடக் கணக்கின் அடிப்படையாகவே வைத்திருக்கிறோம்.

இப்போது இருப்பது

பெரும்பாலான வீடுகளில் ‘செப்டிக் டேங்க்’ என்று சொல்லப்படுவது செப்டிக் டேங்க் அல்ல. மூன்று நான்கு சிமென்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, அடியில் தளம் போடாமல் விட்ட குழி. கோடையில் அது நிறைவதே இல்லை என்பதை வீட்டுக்காரர் பெருமையாகச் சொல்வார். நிறையாததற்குக் காரணம், உள்ளே போவதெல்லாம் நேராகப் பக்கத்து அடிபம்புக்குப் போய்க்கொண்டிருப்பதுதான். கழிவறைக் குழியின் அடி நிலத்தடி நீரைத் தொடும் இடங்களில் குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 10 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது பொறியியல் நெறி. மண்ணின் பருக்கை 0.2 மி.மீ.க்கு மேல் போனால் குழியின் அடியை மூடி, சுற்றிலும் அரை மீட்டர் தடிமனுக்கு நுண்மணல் உறையும் போட வேண்டும். நெருக்கமான நத்தம் மனைகளில் இது இரண்டுமே கிடையாது.

குளியல், சமையல், துணி துவைத்த நீர் தெருவோர வாய்க்காலில் ஓடி ஊர்க்கோடிக் குட்டையில் சேர்கிறது. சாய்வு இல்லாததால் ஓடுகிறது என்பதைவிட நிற்கிறது என்பதே சரி. இது வெறும் நாற்றப் பிரச்சினையல்ல. யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு, அழுக்கேறித் தேங்கிய நீரைத்தான் விரும்பும். கடலூரும் புதுச்சேரியும் அந்த நோயை நெடுங்காலம் சுமந்த வட்டாரங்கள். புதுச்சேரியில் 1975-ல் தொடங்கப்பட்ட கொசு ஒழிப்பு ஆராய்ச்சி மையம் 1981 முதல் 1985 வரை அந்நகரில் நடத்திய யானைக்கால் தடுப்புத் திட்டத்தில் தேங்கிய சாக்கடைகளைச் சரிசெய்வதும் முக்கிய வேலையாக இருந்தது. ஆக, எந்த அமைப்பைத் தேர்ந்தாலும் முதல் நிபந்தனை: வெளியே தெரியும்படி நீர் எங்கும் தேங்கக் கூடாது.

எவ்வளவு நீர், எவ்வளவு அழுக்கு

ஜல் ஜீவன் திட்டத்தின் அளவுப்படி ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். 400 பேருக்கு 22,000 லிட்டர். அதில் ஐந்தில் நான்கு பங்கு கழிவாகத் திரும்பும் என்றால் 17,600. கணக்குக்கு 18 கன மீட்டர் என்று வைக்கலாம்.

நகரத்துக் கணக்கை அப்படியே கிராமத்துக்குக் கொண்டுவருபவர்கள் தவறுவது அடுத்த படியில். ஒருவர் ஒரு நாளில் நீரில் சேர்க்கும் கரிமக் கழிவு, பி.ஓ.டி. (அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்) அளவில், 27 கிராம் என்று எடுப்பது இந்திய வழக்கம். நகரத்தில் அது நூறு லிட்டருக்கு மேல் கரைந்து லிட்டருக்கு 250 மி.கி. என்று வரும். இங்கே 400 பேரின் 10.8 கிலோவும் 18 கன மீட்டரில் கரைவதால் லிட்டருக்கு 600 மி.கி. ஆகிறது. தண்ணீரைச் சிக்கனமாகப் புழங்கும் ஊரின் கழிவுநீர் நகரத்துக் கழிவுநீரைவிட இரண்டு மடங்குக்கு மேல் கெட்டியானது. அளவு குறைவு என்று தொட்டியைச் சுருக்கினால் அடிபடுவது இங்கேதான்.

மாட்டுத் தொழுவம் கழுவிய நீரை இதில் சேர்க்கவே கூடாது. ஒரு மாட்டின் சாணமும் கோமியமும் பத்துப் பேருக்கு மேற்பட்ட கழிவுக்குச் சமம். பத்து வீட்டுத் தொழுவம் குழாயில் இணைந்தால் 400 பேருக்கான அமைப்பு அன்றே போதாமல் போகும். சாணத்துக்கு எருக்குழி இருக்கிறது.

வீட்டில் செய்ய வேண்டியது

கெட்டிப் பொருளை வீட்டிலேயே நிறுத்திவிட்டு, தெளிந்த நீரை மட்டும் சிறிய குழாயில் கொண்டுபோவதுதான் இந்த நிலத்துக்கு ஒத்துவரும். மலத்தையும் சேர்த்து இழுக்கும் பெரிய சாக்கடைக் குழாய்க்கு நல்ல சாய்வு வேண்டும். மட்டமான நிலத்தில் அது மூன்று மீட்டர் ஆழத்துக்கு இறங்கும். நீரூறும் மணலில் அந்தப் பள்ளம் நிற்கவே நிற்காது.

எனவே ஒவ்வொரு வீட்டிலும், அல்லது நான்கைந்து வீட்டுக்குச் சேர்த்து, தளம் போட்ட மூடிய தொட்டி. ஐந்து பேர் வீட்டுக்கு உள்ளளவு 1.5 மீ. நீளம், 0.75 மீ. அகலம், 1 மீ. நீராழம் போதும், 1,125 லிட்டர். இந்த அகலத்துக்கும் ஆழத்துக்கும் கீழே போக இந்தியத் தர நெறி இடம் தருவதில்லை. உள்வாயிலும் வெளிவாயிலும் ‘டீ’ (T வடிவக் குழாய் மூட்டு) வேண்டும். வெளிவாய் டீ நீர்மட்டத்துக்கு 30 செ.மீ. கீழே இறங்கியிருந்தால்தான் மேலே மிதக்கும் அழுக்குப் படலம் குழாய்க்குள் போகாது. கொத்தனார் பல நேரம் எல்போ எனும் வளைவு மூட்டைக் கவிழ்த்து வைத்து முடித்துவிடுவார். அடைத்தால் குத்திவிட வழியில்லாமல் பிறகு உடைக்க வேண்டியிருக்கும்.

சமையலறை, குளியலறை நீருக்குத் தனியாக 45 செ.மீ. சதுரத்தில், அதே ஆழத்தில் ஒரு வண்டல் பெட்டி. சோற்றுப் பருக்கை, மீன் செதில், தேங்காய் நார், பாத்திரம் தேய்த்த சாம்பல், மணல் எல்லாம் அங்கே நிற்கும். வலையை எடுத்துத் தட்டுவது வாரம் ஒரு முறை. மீன் புழங்கும் வீட்டில் இரண்டு நாளுக்கு ஒரு முறை.

பழைய உறைக் குழியை அப்படியே விட்டு அதன் வழிநீரைக் குழாயில் இணைக்கலாமே என்ற யோசனை ஊர்க்கூட்டத்தில் கட்டாயம் எழும், செலவு குறைகிறது என்பதால். இணைத்தால் கார்த்திகையில் நிலத்தடி நீர் அத்தனையும் அந்தக் குழிகள் வழியாக உள்ளே வரும். பம்ப் கடலை இறைத்துக்கொண்டிருக்கும். இதில் விட்டுக்கொடுக்க முடியாது.

குழாயும் உறைகிணறும்

110 மி.மீ. பி.வி.சி. குழாய், 200-க்கு 1 சாய்வு. தொடக்கத்தில் டிராக்டர் சக்கரம் தாங்க 45 செ.மீ. ஆழம், 200 மீட்டர் போய்ச் சேரும்போது 1.45 மீட்டர். கார்த்திகையில் இது ஏறத்தாழ முழுவதும் நிலத்தடி நீருக்குள் மூழ்கியிருக்கும். அதனால் செங்கல் கட்டிய ஆள்நுழைவுத் தொட்டி எதுவும் வேண்டாம். அவை கசியும், மணலையும் உள்ளே விடும். ஒவ்வொரு 30 மீட்டரிலும், திருப்பம் தோறும், ‘ஒய்’ மூட்டு வைத்துத் தரை வரை தூக்கி மூடி போட்ட, அடைப்பைக் குத்திவிடுவதற்கான குத்துவாய் போதும்.

குழாய் வந்து சேரும் இடத்தில் 1.2 மீ. உள்விட்டமுள்ள சிறு உறைகிணறு, அடித்தளம் உட்பட 2.1 மீட்டர் ஆழம், உள்ளே, நீரை ஊருக்குப் பொதுவான சுத்திகரிப்புத் தொட்டிக்கு ஏற்றும் அரை குதிரைத்திறன் கழிவுநீர் பம்ப். மின்சாரமே வேண்டாத அமைப்பு என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் மட்டமான நிலம், உயர்ந்த நீர்மட்டம் இரண்டும் சேர்ந்த இடத்தில் பம்ப்பைத் தவிர்த்தால் அந்தத் தொட்டி முழுவதையும் நீருக்குள் புதைக்க வேண்டும். அதைவிட ஒரு சிறிய பம்ப் மேல். நாளைக்கு இரண்டரை மணி நேரம்தான் ஓடும். செலவு ஒன்றேகால் யூனிட் அளவு.

புயலில் நாள்கணக்கில் கரண்ட் போனால்? 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடந்த பிறகு இந்தக் கரையோரம் பட்ட பாடு தெரிந்தவர்கள் கேட்கும் நியாயமான கேள்வி. கரண்ட் இல்லையென்றால் மேல்நிலைத் தொட்டிக்கும் நீர் ஏறாது, எனவே கழிவுநீரும் பெருமளவு குறையும். மீதிக்கு உறைகிணற்றில் ஒரு வழிவாய், வெளியிலிருந்து வெள்ளம் உள்ளே வராத ஒருவழி மடலுடன்.

இந்த உறைகிணறே மிதக்கும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். வெளிவிட்டம் 1.4 மீ.; நீர் தரைமட்டத்தில் நின்றால் மேல்தூக்கு 3.2 டன், காலியான கிணற்றின் எடை 2.7 டன். அடித்தளத்தைச் சுற்றிலும் 30 செ.மீ. வெளியே நீட்டிப் போட்டு அதன்மேல் மண்ணை நிரப்பினால் அந்த மண்ணே பிடித்துக்கொள்ளும்.

பொதுத் தொட்டி

அகலம் 2.4 மீ., நீராழம் 1.8 மீ. முதலில் 4 மீட்டர் நீளத்துக்குப் படிவு அறை, கொள்ளளவு 17.3 கன மீட்டர், ஏறத்தாழ ஒரு நாள் நீர். அதையடுத்து 0.9 மீட்டர் நீளத்தில் வரிசையாக ஆறு தடுப்பு அறைகள், கொள்ளளவு 23.3 கன மீட்டர், 31 மணி நேரம். ஒவ்வொரு தடுப்பிலும் மூன்று 110 மி.மீ. குழாய்கள் நீரைக் கீழே இறக்கி, தளத்துக்கு 20 செ.மீ. மேலே விடுகின்றன. நீர் அடியில் கிடக்கும் கரும் சேற்றின் ஊடே மேலேறும்போது அதிலுள்ள நுண்ணுயிர்கள் கழிவைத் தின்கின்றன. காற்று தேவையில்லை, அசையும் உறுப்பும் இல்லை. புதுச்சேரியையடுத்த ஆரோவில்லிலும் தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனையிலும் தடுப்பு அறைகளும், ஜல்லியில் செடி நட்டு நீரை வடிக்கும் செடிப்படுகையும் கொண்ட இவ்வகை அமைப்புகள் இயங்கிவருவதால், நேரில் பார்க்க விரும்பும் ஊராட்சிக்காரர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

இந்த அறைகளின் உயிர்நாடி மேலேறும் வேகம். கிராமத்தில் கழிவுநீர் காலை, மாலை இரு வேளையில்தான் குவியும். 18 கன மீட்டரும் பத்து மணி நேரத்தில் வருவதாக வைத்தால் மணிக்கு 1.8 கன மீட்டர். ஓர் அறையின் பரப்பு 2.16 ச.மீ. என்பதால் வேகம் மணிக்கு 0.83 மீட்டர். ஒரு மீட்டருக்குள் இருந்தால் சேறு அடியிலேயே தங்கும். ஆனால் அரை குதிரைத்திறன் பம்ப் இந்த உயரத்துக்கு மணிக்கு 7 கன மீட்டர் அளவுக்குத் தள்ளும்; அது நேரே அறைக்குள் போனால் வேகம் 3 மீட்டரைத் தாண்டி, மாதக்கணக்கில் வளர்த்த சேறு ஒரே வாரத்தில் வெளியேறிவிடும். இவ்வகை அமைப்பு ‘வேலை செய்யவில்லை’ என்று கைவிடப்படும்போது முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பம்ப்பைத்தான்.

பரிகாரம் எளிது. மிதவை சுவிட்சை 18 செ.மீ. இடைவெளியில் கட்டினால் ஒரு முறைக்கு 200 லிட்டர்தான் ஏறும். அது 9.6 ச.மீ. பரப்புள்ள படிவு அறையில் விழும்போது நீர்மட்டம் 2 செ.மீ.தான் உயரும்; அங்கிருந்து அடுத்த அறைக்கு மெல்ல வழியும். நாளைக்குத் தொண்ணூறு முறை பம்ப் ஓடி நிற்கும். மிதவையைக் கட்டும் எலெக்ட்ரீஷியன் ‘அடிக்கடி ஓடினால் மோட்டார் போய்விடும்’ என்று இடைவெளியை முழு ஆழத்துக்கும் நீட்டுவார், தடுக்க வேண்டும்.

இனி எடைக் கணக்கு. வெளியளவு 10.5 மீ. × 2.8 மீ.; அடித்தளமும் சுவரும் 20 செ.மீ., மேல்தளம் 12 செ.மீ., தடுப்புகள் 10 செ.மீ.; மொத்த உயரம் 2.42 மீ. கான்கிரீட் 23.4 கன மீட்டர், எடை 58.6 டன். தொட்டியின் தலை தரையோடு தரையாக இருக்கும்படி புதைத்தால், நீர் தரை வரை ஏறும் நாளில் மேல்தூக்கு 71 டன். காலியாக இருந்தால் தொட்டி கிளம்பிவிடும், குழாய்களெல்லாம் ஒடியும். ஒரு மீட்டர் வெளியே தெரியும்படி உயர்த்திக் கட்டினால் மூழ்கும் ஆழம் 1.42 மீட்டர், மேல்தூக்கு 41.7 டன். காலியாக இருந்தாலும் நிற்கும். உயர்த்தியதில் மேலும் மூன்று லாபம்: பள்ளம் ஒன்றரை மீட்டருக்குள் முடிகிறது, சித்திரை, வைகாசியில் நீர் இறைக்காமலே வேலை நடக்கும், செடிப்படுகைக்கு நீர் தானாக வழிகிறது.

கான்கிரீட் கலக்க உப்பேறிய கிணற்று நீர் ஆகாது. கம்பிக்கு 5 செ.மீ. மூடல் வேண்டும். உள்ளே நீர்மட்டத்துக்கு மேலுள்ள சுவரையும் மேல்தளத்தின் அடியையும் எபாக்சி பூச வேண்டும். கந்தக வாயு ஈரத்தோடு சேர்ந்து அரிப்பது நீருக்குள் அல்ல, அந்த இடைவெளியில்தான். காற்றுக்குழாய் 2 மீட்டர் உயரத்துக்குக் குறையாமல், வாயில் நைலான் கொசுவலையுடன்.

கசிவு பார்க்க நிரப்பி மூன்று நாள் விட வேண்டும், கான்கிரீட் குடிக்கும் வரை. பிறகு நீர்மட்டத்தில் கோடு போட்டு, பக்கத்தில் ஒரு வாளி நீரும் வைக்கலாம். வாளியில் வெயிலுக்கு இறங்கியதைவிடத் தொட்டியில் அதிகம் இறங்கினால் அது கசிவு.

செடிப்படுகை

வீட்டுத் தொட்டிகளில் கெட்டிப் பொருள் நின்றபின் பொதுத் தொட்டிக்குள் வரும்போது 400 மி.கி. ஆக இருந்த பி.ஓ.டி. நன்றாக ஊறிய தடுப்பு அறைகளைத் தாண்டும்போது 100-க்கு இறங்கும். நாளைக்கு 1,800 கிராம். ஒரு சதுர மீட்டர் படுகைக்கு 10 கிராம் என்றால் 180 ச.மீ. இதை 9 மீ. அகலம், 10 மீ. நீளத்தில் இரண்டாகப் பிரிப்பது நல்லது. ஒன்றைக் காயவிட்டுச் சரிசெய்யும்போது மற்றது ஓடும். நீளத்தைக் கூட்டி அகலத்தைக் குறைப்பவர்கள் நுழைவாயில் அடைப்பை விலைக்கு வாங்குகிறார்கள்.

ஜல்லி ஆழம் 60 செ.மீ., நீர் 50 செ.மீ. நுழைவிலும் முடிவிலும் அரை மீட்டர் அகலத்துக்கு 40 முதல் 60 மி.மீ. கல், நடுவில் 10 முதல் 20 மி.மீ. ஜல்லி. மொத்தம் 108 கன மீட்டர், லாரிக்காரர் கணக்கில் 38 யூனிட் (யூனிட் என்பது 100 கன அடி). வானூர், திருவக்கரைப் பக்கத்துக் குவாரிகளிலிருந்து வரும் ஜல்லியில் கிரஷர் தூள் ஒட்டியிருக்கும். அலசாமல் கொட்டினால் அந்தத் தூள் அடியில் இறங்கிச் சிமென்ட் போல இறுகிவிடும்; முதல் ஆண்டிலேயே நீர் மேலே வழியத் தொடங்கும். அலசும் கூலியை மிச்சம் பிடிக்க நினைப்பது இந்த வேலையிலேயே மிக மோசமான சிக்கனம்.

படுகையின் அடி தரைக்கு 10 செ.மீ. கீழே, சுற்றிலும் மண்கரை, உள்ளே 500 மைக்ரான் பிளாஸ்டிக் விரிப்பு, அதன் அடியில் சல்லடை மணல். வயல் நண்டும் பெருச்சாளியும் கரையைத் துளைக்கும். கரையின் வெளிப்புற அடியில் ஓர் அடி ஆழத்துக்கு உடைகல் அடுக்கினால் பெரும்பாலும் தடுக்கலாம்.

செடிக்குக் கல்வாழையும் சம்பும். சதுர மீட்டருக்கு நான்கு கிழங்கு, மொத்தம் 720. ஆடியில் நட்டால் மழைக்கு முன் வேர் பிடித்துவிடும். கடலூர் கடலோர மணலில் வெட்டிவேர் பயிரிடுபவர்கள் இருப்பதால் அதை வைக்கலாமா என்று கேட்பார்கள். நன்றாக வளரும், ஆனால் வேரை விற்பதற்காகத் தோண்டினால் படுகையே கலைந்துவிடும் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நெய்வேலிக் காட்டாமணக்கு மட்டும் தப்பித்தவறி முளைத்தாலும் பிடுங்கிவிட வேண்டும். வாய்க்காலையும் குட்டையையும் அது என்ன செய்திருக்கிறது என்று ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது.

முடிவில் திருப்பக்கூடிய எல்போ ஒன்று நீர்மட்டத்தைத் தீர்மானிக்கும். நீர் எப்போதும் ஜல்லிக்கு 10 செ.மீ. கீழேயே நிற்க வேண்டும். மேலே தெரிந்தால் கொசு வரும். பழைய வாய்க்காலுக்கே திரும்பிவிட்டோம் என்று பொருள்.

தொட்டி, படுகை, நடைவழி எல்லாம் சேர்த்து 8 சென்ட் இடம் போதும். வெளிவரும் நீரில் பி.ஓ.டி. 30 மி.கி. அளவில் இருக்கும். நீர்நிலையில் விட 30 வரை விதி அனுமதிக்கிறது. கோடையில் நாளைக்கு 5 மி.மீ. வீதம் பாய்ச்சினால் 90 சென்ட் சவுக்கையோ தென்னையையோ வளர்க்கலாம். கீரைக்கு ஆகாது. செடிப்படுகை கழிவைக் குறைக்குமே தவிர, நோய்க்கிருமிகளை முழுக்கக் கொல்லாது.

தொடக்கமும் பராமரிப்பும்

புதுத் தொட்டியில் சுத்தமான நீரை நிரப்பி, நல்ல பழைய செப்டிக் டேங்க் ஒன்றின் கரும் சேற்றை அறைக்கு 200, 300 லிட்டர் வீதம் ஊற்ற வேண்டும். வாரம் 25 வீடு வீதம் இணைத்தால் நான்கு வாரம். முதல் மூன்று மாதம் நாற்றமும் கலங்கலும் இருக்கும். ஊர்க்காரர்களிடம் இதை இணைப்புக்கு முன்பே சொல்லாவிட்டால் இரண்டாம் மாதத்தில் எவரோ குழாயை அடைத்துவிடுவார். ஆடி இறுதியில் தொடங்கினால் மழைக்கு முன் சேறு நிலைகொள்ள நேரம் கிடைக்கும்.

தினசரி வேலை மேல்நிலைத் தொட்டி மோட்டார் இயக்குபவரே பார்த்துக்கொள்ளும் அளவுதான்: பம்ப் சத்தம் கேட்கிறதா, படுகையில் நீர் மேலே தெரிகிறதா. ஆறு மாதத்துக்கு ஒரு முறை நீண்ட கழியில் வெள்ளைத் துண்டைச் சுற்றிப் படிவு அறையில் இறக்கி, கறுப்பு ஏறிய உயரத்தை அளக்க வேண்டும். 60 செ.மீ. எட்டினால் லாரியைக் கூப்பிடலாம். ஏறத்தாழ 6,000 லிட்டர், ஒன்று அல்லது இரண்டு நடை. தடுப்பு அறைகளில் சேற்றை முழுவதும் உறிஞ்சிவிடக் கூடாது. ஐந்தில் ஒரு பங்காவது விதையாக இருக்கட்டும். லாரி மாசி முதல் வைகாசிக்குள் வர வேண்டும், ஐப்பசி முதல் தை வரை வேண்டாம். வீட்டுத் தொட்டிகளுக்கும் இதே நாள்காட்டிதான், இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை. அடைமழையில் காலி செய்த இலேசான பிளாஸ்டிக் தொட்டி மறுநாள் காலை முற்றத்தில் எழும்பி நிற்கும். லாரிச் சேறு நகரச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறதா, ஏரிக்கரைக்குப் போகிறதா என்பதை ஊராட்சி பார்க்க வேண்டும். இறக்கிய இடத்தின் ரசீது காட்டினால்தான் பணம் என்று வைத்துக்கொள்ளலாம்.

எக்காரணம் கொண்டும் எவரும் உள்ளே இறங்கக் கூடாது. தொட்டியில் தங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு இரண்டு மூச்சில் ஆளைச் சாய்க்கும். காப்பாற்ற இறங்குபவரும் சேர்ந்தே சாவார். மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்புக் கருவிகளின்றி ஆளை இறக்குவது குற்றமும்கூட. அதனால்தான் ஒவ்வோர் அறைக்கும் தனி மூடி, கம்பும் உறிஞ்சுகுழாயும் மேலிருந்தே எட்டும்படி.

கார்த்திகைச் சோதனை ஒன்று உண்டு. இதற்குக் கருவி வேண்டாம். விடியற்காலை மூன்று மணிக்கு, ஊர் தூங்கும்போது, பம்ப்பை நிறுத்தி உறைகிணற்றில் நீர்மட்டத்தைக் குறிக்க வேண்டும். நான்கு மணிக்கு 18 செ.மீ. ஏறியிருந்தால் மணிக்கு 200 லிட்டர், நாளைக்கு 4.8 கன மீட்டர் நிலத்தடி நீர் உள்ளே வருகிறது. அமைப்பின் கால் பங்குக்கும் மேல். பிறகு குத்துவாய்களைத் திறந்து டார்ச் அடித்தபடி போனால், எந்தக் கிளையில் அந்நேரத்திலும் தெளிந்த நீர் ஓடுகிறதோ அங்கேதான் யாரோ பழைய உறைக் குழியை இணைத்திருக்கிறார்கள்.

பணம்

2020-ல் தொடங்கிய தூய்மை பாரதம் ஊரகத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் 5,000 பேருக்குட்பட்ட ஊருக்குச் சாம்பல்நீர் (குளியல், சமையல், துணி துவைத்த நீர்) மேலாண்மைக்கு ஆளுக்கு 280 ரூபாய் வரை வைத்தார்கள். 400 பேருக்கு 1,12,000 ரூபாய். பொதுத் தொட்டியின் கம்பிக் கான்கிரீட்டுக்கு மட்டும், கன மீட்டருக்கு 10,000 ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும், 2.3 லட்சத்தைத் தாண்டுகிறது. அந்த 280 ரூபாய் உறிஞ்சுகுழி நீரை உறிஞ்சும் செம்மண் ஊரை மனத்தில் வைத்துப் போட்ட தொகை. மணல் கரைக்கும் களிமண்ணுக்கும் அது பற்றாது. நிதிக்குழு மானியத்தில் துப்புரவுக்கென ஒதுக்கும் பங்கையும் ஊராட்சியின் சொந்த வருவாயையும் சேர்த்தால்தான் முடியும். நிதியாண்டு முடிகிறது என்று மாசியில் அவசர அவசரமாக நூறு உறிஞ்சுகுழி வெட்டிக் கணக்கு முடிப்பதும் இதனால்தான் நடக்கிறது. மாசியில் பார்த்தால் அவை நன்றாகவே இருக்கும்.

குழாய் எட்டாத ஏழெட்டு வீடுகள் எந்த ஊரிலும் ஓரமாக இருக்கும். அவற்றுக்காகக் குழாயை நீட்டினால் முழுக் குழாயும் இன்னும் ஆழமாகும். அங்கே மூடிய தொட்டி கட்டி, வழிநீரைத் தரைக்கு மேல் 60 செ.மீ. உயர்த்திய வாழைப் பாத்திக்கு விடலாம்: அடியில் பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் உடைசெங்கல், மணல், மேலே மண். வீட்டுக்கு 15 முதல் 20 சதுர மீட்டர் பாத்தி. கழிவறை மேடை பாத்தியைவிட உயரமாக அமைய வேண்டும் என்பதால், புதிதாக வீடு கட்டும்போதே அடிமட்டத்தை ஓர் அடி கூட்டிப் போடச் சொல்வது மலிவு.